சுவிட்சில் எரியும் சின்ன விளக்கு: வாசகர் கேள்வி – பதில்

வீட்டு மின்சாரம் பற்றி வந்திருக்கும் கடிதங்களில், இண்டிகேட்டர் சுவிட்ச் தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கேள்விகள் பல விதமாக இருந்தாலும், எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: அந்தச் சின்ன விளக்கின் இரண்டு முனைகளும் எங்கே போய்ச் சேர்கின்றன?

பாத்ரூம் லைட் சுவிட்ச் வெளியே இருக்கிறது. அணைக்க மறந்து விடிய விடிய எரிகிறது. லைட் எரியும்போது சுவிட்சிலும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்று சொல்லித்தான் இண்டிகேட்டர் சுவிட்ச் வாங்கினோம். மாட்டியதும் தலைகீழாக இருக்கிறது. லைட்டை அணைத்தால் சிவப்பு எரிகிறது, போட்டால் அணைந்துவிடுகிறது. ஒயரை மாற்றிக் கொடுத்தால் சரியாகுமா?
– வாசகி, பெரம்பூர்

ஆகாது. நீங்கள் வாங்கியது இரண்டு முனை சுவிட்ச். எந்த ஒயரை எங்கே மாற்றினாலும் அது அப்படித்தான் எரியும், அதன் அமைப்பே அப்படி. அதற்குள் இருக்கும் நியான் பல்பு, சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பாலம்போல் இருக்கிறது. சுவிட்ச் அணைந்திருக்கும்போது ஒரு முனையில் ஃபேஸ், அதாவது கரன்ட் வரும் ஒயர். மறுமுனை பாத்ரூம் பல்பு வழியாக நியூட்ரலை, அதாவது கரன்ட் திரும்பிப் போகும் ஒயரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நியானுக்கு முழு 230 வோல்ட்டும் கிடைப்பதால் எரிகிறது. சுவிட்சைப் போட்டதும் இரண்டு முனையும் ஒன்றாகிவிடுகின்றன. நியானுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஃபேஸ், அதனால் அணைந்துவிடுகிறது. இருட்டில் சுவிட்சைத் தேடித் தடவாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்ட சுவிட்ச் அது. படுக்கையறைக்கு நல்லது, உங்கள் தேவைக்கு உதவாது.

உங்களுக்கு வேண்டியது மூன்று முனை சுவிட்ச். அதில் நியானின் ஒரு கால் சுவிட்சின் வெளியேறும் முனையிலும், மறு கால் 'என்' என்று குறித்த தனி முனையிலும் இருக்கும். அந்தத் தனி முனைக்கு நியூட்ரல் கொடுத்தால்தான் எரியும். கடையில் 'இண்டிகேட்டர் சுவிட்ச்' என்று மட்டும் கேட்டால் எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடுவார்கள். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் மூன்று திருகு இருக்கிறதா, நியூட்ரல் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூன்று திருகு மட்டும் போதாது, ஒரே லைட்டை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்கும் டூ-வே சுவிட்சுக்கும் மூன்று திருகுதான்.

இன்னொரு வழியும் உண்டு. வீட்டில் செய்வதற்கு இதுதான் எங்கள் முதல் பரிந்துரை. உங்கள் போர்டின் பிளேட்டில் மூடி போட்ட ஒரு காலி இடம் இருந்தால், இப்போதுள்ள சாதாரண சுவிட்சைத் தொடவே வேண்டாம். ஒரு மாடியூல் (ஒரு சின்ன சுவிட்சின் இடம்) அகல இண்டிகேட்டரைத் தனியாக வாங்கி அந்தக் காலி இடத்தில் மாட்டிவிடலாம். அதற்கு இரண்டே முனை: ஒன்று சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் முனைக்கு, மற்றொன்று நியூட்ரலுக்கு. எது எங்கே என்ற கட்டுப்பாடு கிடையாது. நியான் கெட்டுப்போனாலும் சுவிட்சை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரு கம்பெனியின் மாடியூல் இன்னொரு கம்பெனியின் பிளேட்டில் பொருந்தாது. ஒரே கம்பெனியிலும் வரிசை மாறினால் பொருந்தாமல் போகும். பழைய மூடியைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். சன்மைகா போர்டாக இருந்தால், துளை போட்டுப் பொருத்தும் இண்டிகேட்டர் தனியாகக் கிடைக்கும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் அந்த அறையின் எம்சிபியை (கரன்ட் மிஞ்சினால் தானே விழும் மெயின் பெட்டி சுவிட்ச்) அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் அவுட்புட்டையும் அணைக்க வேண்டும். சென்னையில் லைட், ஃபேன் லைன்கள் பெரும்பாலும் இன்வெர்ட்டரில்தான் இருக்கும். மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் ஒரு நொடியில் அதே லைனுக்குக் கரன்ட் கொடுத்துவிடும், கை வைப்பவருக்குத் தெரியவே தெரியாது. மூன்று ஃபேஸ் சப்ளை உள்ள வீடு என்றால் ஒரே போர்டுக்குள் இரண்டு ஃபேஸ் வந்திருக்கவும் வாய்ப்புண்டு; ஒரு எம்சிபியை அணைத்தாலும் இன்னொன்று உயிரோடு இருக்கும். அதனால் வேலை முடியும்வரை மொத்த மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுவதே சரி. டெஸ்டரை முதலில் கரன்ட் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் வைத்துச் சோதியுங்கள். எல்லாம் அணைந்துவிட்டால் அப்படி ஓர் இடம் கிடைக்காது, ஆகவே அணைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். அணைத்த பிறகு போர்டின் ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நம்பிக்கை: ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றும் சுழி காட்ட வேண்டும்.

பிளேட்டைக் கழற்றியதும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுவிட்சிலும் ஒரு பக்கம் லூப் அடித்துக்கொண்டே போகும் சிவப்பு ஒயர்தான் ஃபேஸ். மறுபக்கம் தனித்தனியாக மேலே குழாய்க்குள் போகும் ஒயர்கள் பல்புக்கும் ஃபேனுக்கும் போகின்றன. நியூட்ரலுக்கு எங்கே போவது? அதே போர்டில் ஐந்து முள் சாக்கெட் இருந்தால் அதில் நியூட்ரல் நிச்சயம் இருக்கும். சாக்கெட்டை முன்னாலிருந்து பார்த்தால் வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல், மேலே எர்த். பின்னாலிருந்து பார்க்கும்போது இடம் வலம் மாறித் தெரியும் என்பதால், பக்கத்தை நம்பாமல் 'என்' எழுத்தைப் பாருங்கள். ஒயரின் நிறத்தையும் முழுசாக நம்பாதீர்கள். கறுப்பு ஒயர் தீர்ந்துபோன நாளில் நீலத்தையோ மஞ்சளையோ நியூட்ரலாக இழுத்த வீடுகள் உண்டு.

நியூட்ரல் முனையிலிருந்து இண்டிகேட்டருக்கு 1 சதுர மில்லிமீட்டர் கறுப்பு ஒயர் ஒரு சாண் போதும். முனையில் 8 முதல் 10 மில்லிமீட்டர் மட்டும் சீவுங்கள். இழைகளை முறுக்கி, இரண்டாக மடித்து, திருகுக்குள் நுழையுங்கள். அதிகம் சீவினால் செம்பு வெளியே தெரியும். குறைவாகச் சீவினால் திருகு ரப்பர் மேல் உட்காரும், இன்று எரியும், ஆறு மாதத்தில் சூடாகிக் கருகும். ஒரு முனையில் இரண்டு ஒயருக்கு மேல் திணிக்க வேண்டாம். இறுக்கிய பிறகு ஒவ்வொரு ஒயரையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். பழைய ஃபேஸ் லூப்பை ஒரு சுவிட்சிலிருந்து கழற்றினால் அதற்கு அடுத்த சுவிட்சுகளுக்கும் ஃபேஸ் போகாது என்பதை நினைவில் வையுங்கள். 'புது சுவிட்ச் போட்டேன், ஃபேன் நின்றுவிட்டது' என்று வரும் புகாருக்குக் காரணம் இதுதான்.

மூன்று முனை சுவிட்சில் நடக்கக்கூடிய தவறுகள் இரண்டு. ஒன்று ஆபத்தில்லாதது: உள்ளே வரும் ஃபேஸையும் வெளியே போகும் ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்துவிடுவது. பல்பு ஒழுங்காக எரியும், அணையும். ஆனால் இண்டிகேட்டர் இரவு பகலாக எரிந்துகொண்டே இருக்கும். நியானின் கால் இருக்கும் முனைக்கே நேராக ஃபேஸ் வந்துவிட்டதால் அப்படி. மெயினை அணைத்து, இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. இரண்டாவது தவறு மோசமானது: நியூட்ரலை வெளியேறும் முனையில் கொடுத்துவிடுவது. சுவிட்சைப் போட்ட நொடியில் ஃபேஸும் நியூட்ரலும் நேருக்கு நேர் மோதி, உள்ளே பொறி பறந்து, எம்சிபி விழும், சுவிட்சின் முனைகளும் தீய்ந்துபோகும். எந்த முனை நியானுக்கு என்று மல்டிமீட்டரின் கன்டினியுட்டி (இரு முனை இணைந்திருக்கிறதா என்று பார்க்கும் வசதி) வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். நியான் பற்றிக்கொள்ளவே ஏறத்தாழ 65 முதல் 90 வோல்ட் வேண்டும். மீட்டரின் சில வோல்ட்டுக்கு அது திறந்த ஒயராகத்தான் தெரியும். மீட்டரால் தெரிவது இதுதான்: சுவிட்சைப் போட்டால் எந்த இரண்டு திருகுகள் இணைகின்றனவோ அவை ஃபேஸும் லோடும் (பல்புக்குப் போகும் முனை), மிஞ்சிய ஒன்று நியூட்ரல். இரண்டில் எது உள்ளே வருவது, எது வெளியே போவது என்பதைச் சுவிட்சின் முதுகில் அச்சாகியிருக்கும் படம் சொல்லும்.

இண்டிகேட்டர் சுவிட்ச் போட்டதிலிருந்து, ஹாலில் உள்ள எல்இடி பல்பு அணைத்த பிறகும் மங்கலாக மின்னுகிறது. இரவில் பார்த்தால் விட்டு விட்டுக் கண் சிமிட்டுகிறது. பல்பை மாற்றியும் தீரவில்லை.
– வாசகர், வேளச்சேரி

உங்களுடையதும் இரண்டு முனை சுவிட்ச்தான். முந்தைய பதிலில் சொன்னபடி, அணைந்திருக்கும்போது நியானின் கரன்ட் பல்பு வழியாகத்தான் திரும்புகிறது. நியானோடு தொடராக 1.5 லட்சம் அல்லது 2.2 லட்சம் ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் ஓடுவது ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். பழைய 60 வாட் குண்டு பல்புக்கு அது ஒன்றுமே இல்லை. எல்இடி பல்புக்குள் ஒரு கண்டென்சர் இருக்கிறது. அந்தத் துளிக் கரன்ட் அதில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி கரன்ட் கொடுக்கும் உள் சர்க்யூட்) விழித்துக்கொள்ளும் அளவுக்கு வந்ததும் பல்பு ஒரு முறை மின்னி, சேர்ந்ததையெல்லாம் தீர்த்துவிடுகிறது. மறுபடி சேர்கிறது, மறுபடி மின்னுகிறது. பல்புக்குப் பல்பு டிரைவர் வேறு என்பதால், ஒரு கம்பெனி பல்பு மங்கலாக எரியும், இன்னொன்று சிமிட்டும், மூன்றாவது சும்மா இருக்கும்.

தீர்வு மூன்று. சாதாரண சுவிட்சாக மாற்றிவிடுவது எளிது. இண்டிகேட்டர் அவசியம் என்றால் மூன்று முனை சுவிட்சோ தனி இண்டிகேட்டரோ போடுங்கள்; அதன் கரன்ட் நேரே நியூட்ரலுக்குப் போய்விடும், பல்பைத் தொடாது. சுவிட்ச் போர்டில் நியூட்ரலே இல்லை என்றால் மட்டும் மூன்றாவது வழி: பல்புக்கு இணையாக, ஹோல்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகைக் கண்டென்சர் ஒன்று. அதோடு தொடராக 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் சேர்த்துக்கொள்வது நல்லது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள சென்னை ரிச்சி தெருவில் இரண்டும் கிடைக்கும். 50 ஹெர்ட்ஸில் அந்தக் கண்டென்சர் 32,000 ஓம் போல நடந்துகொள்ளும்; நியானின் துளிக் கரன்ட் அதன் வழியே போய்விடுவதால் பல்புக்கு வரும் வோல்டேஜ் சுமார் 30-க்குள் அடங்கிவிடும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. கண்டென்சரைச் சுவிட்சுக்குக் குறுக்கே மாட்டிவிடாதீர்கள். அங்கே மாட்டினால் ஒரு மில்லி ஆம்பியர் போய்க்கொண்டிருந்த இடத்தில் ஏழு போகும், அணைத்த பல்பு இன்னும் பளிச்சென்று எரியும். அடுத்தது, எக்ஸ்2 குறியில்லாத 250 வோல்ட் கண்டென்சர் வேண்டவே வேண்டாம். 230 வோல்ட் ஏசியின் உச்சி 325 வோல்ட். சாதாரணக் கண்டென்சர் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். எக்ஸ்2 வகை தன் பழுதைத் தானே ஆற்றிக்கொள்ளும்படி செய்யப்பட்டது.

இண்டிகேட்டரே இல்லாத சுவிட்சிலும் எல்இடி இப்படி மின்னினால் வேறு விஷயத்தைச் சந்தேகிக்க வேண்டும். சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறது, ஃபேஸ் நேரே ஹோல்டருக்குப் போகிறது. சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி பல்பு மாற்றுபவருக்கு உயிராபத்து. உடனே சரிசெய்யுங்கள்.

எங்களுடையது பழைய வீடு, மரச்சட்டத்தில் கிளிப் அடித்த ஒயரிங். மாடிப்படி அருகே உள்ள போர்டில் சுவிட்சுகள் மட்டும்தான், சாக்கெட் கிடையாது. இண்டிகேட்டர் வைக்கச் சொன்னபோது, நியூட்ரல் இல்லை என்று எலெக்ட்ரீஷியன் எர்த் ஒயரில் கொடுத்துவிட்டார். நன்றாகத்தான் எரிகிறது. அப்படியே விடலாமா?
– வாசகர், மயிலாப்பூர்

விடக் கூடாது. எரிகிறது என்பதே சரியான இணைப்புக்கு அத்தாட்சி ஆகாது. எர்த் ஒயர் சாதாரண வேளையில் கரன்ட் எதுவும் இல்லாமல் சும்மா கிடக்க வேண்டிய ஒயர். கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பும் அதில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து போனாலோ, கடற்காற்றில் கிளாம்ப் துருப்பிடித்து விட்டுப்போனாலோ, உங்கள் இண்டிகேட்டருக்குத் திரும்பிப் போக வழி இல்லாமல் போகும். அப்போது நியான் வழியாக வரும் ஃபேஸ் அந்த எர்த் ஒயர் முழுவதும் ஏறி நிற்கும். ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடுபவருக்குச் சுரீர் என்று இருக்கும். ஒரு மில்லி ஆம்பியர்தானே என்று சொல்லலாம். ஆனால் ஸ்டூல் மேல் நிற்பவர் கையை உதறி விழுவதற்கு அது போதும்.

ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச், உள்ள வீட்டில் இன்னொரு தொல்லையும் சேரும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சரியாக 30-ல்தான் விழும் என்பதில்லை; 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம், அதற்கு அனுமதி உண்டு. ஐந்தாறு போர்டில் இப்படி எர்த்தில் இண்டிகேட்டர் கொடுத்து, அதோடு கம்ப்யூட்டர், ஃபிரிட்ஜின் இயல்பான கசிவும், ஐப்பசி கார்த்திகை மழையில் சுவரில் ஊறிய ஈரத்தின் கசிவும் சேர்ந்தால் காரணமே தெரியாமல் நடுராத்திரியில் வீடு இருட்டாகும்.

சரியான வழி, அருகிலுள்ள ஜங்ஷன் பாக்ஸிலோ ஃபேன் பாக்ஸிலோ இருக்கும் அதே சர்க்யூட்டின் நியூட்ரலிலிருந்து போர்டுக்கு ஒரு கறுப்பு ஒயர் இழுப்பதுதான். பக்கத்து அறையின் வேறு சர்க்யூட்டிலிருந்து நியூட்ரல் கடன் வாங்கக் கூடாது. பிறகொரு நாள் அந்த எம்சிபியை மட்டும் அணைத்து வேலை செய்பவருக்கு அந்த நியூட்ரல் வழியே அடி விழலாம். இழுக்க வழியே இல்லையென்றால் அணைந்திருக்கும்போது எரியும் இரண்டு முனை சுவிட்சோடு திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக ஒயர் இழுப்பது லைசென்ஸ் உள்ளவரின் வேலை. பல்பு, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே திறனில் அதே மாதிரி மாற்றுவதற்கு மட்டுமே லைசென்ஸ் தேவையில்லை என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் சொல்லின. 2010-ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதையே தொடர்ந்தன. உங்கள் வீட்டு ஒயரிங்கின் வயதைப் பார்த்தால், அவர் வரும்போது இன்சுலேஷன் சோதனையும் (ஒயரின் உறை வழியே கரன்ட் கசிகிறதா என்ற சோதனை) செய்யச் சொல்லுங்கள்.

இண்டிகேட்டர் எரியவில்லை என்றால் கரன்ட் இல்லை என்று நம்பி போர்டைத் திறக்கலாமா?
– வாசகி, திருவான்மியூர்

கூடவே கூடாது. மூன்று முனை சுவிட்சில் நியான் அணைந்திருக்க நான்கு காரணம் இருக்கலாம்: சுவிட்ச் அணைந்திருக்கிறது, சப்ளை இல்லை, நியான் ஆயுள் முடிந்துவிட்டது, அல்லது நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. சப்ளை இல்லாததைத் தவிர மற்ற மூன்றிலும் போர்டுக்குள் ஃபேஸ் முழுசாக இருக்கும், விளக்கு மட்டும் இருக்காது. நியூட்ரல் அறுந்த வீட்டில் ஒன்றுமே எரியாது, ஆனால் தொட்டால் அடிக்கும்.

எரிகிறது என்பதற்கும் எல்லை உண்டு. மூன்று முனை இண்டிகேட்டர் சொல்வது, சுவிட்ச் தாண்டி ஃபேஸ் போயிருக்கிறது என்பதை மட்டும்தான். பல்பு ஃபியூஸ் போயிருந்தாலும் எரியும், ஹோல்டரில் ஒயர் விட்டுப்போயிருந்தாலும் எரியும். அதை வைத்தே பழுதும் பார்க்கலாம்: இண்டிகேட்டர் எரிந்து பல்பு எரியவில்லை என்றால் போர்டை விட்டுவிட்டு மேலே ஹோல்டரைப் பாருங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் இண்டிகேட்டர் மங்கலாகத் தெரிகிறது, பல்பும் கழன்றிருக்கிறது என்றால், ஒரே குழாயில் நெடுந்தூரம் பக்கத்தில் ஓடும் ஃபேஸ் ஒயரிலிருந்து தாவி வரும் வோல்டேஜ் அது. பல்பை மாட்டினால் மறையும். மாட்டியும் மறையாமல், மழைக்காலத்தில் மட்டும் வந்தால் பாக்ஸுக்குள் ஈரம்.

மாடிப்படிக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று டூ-வே சுவிட்ச். இரண்டிலும் இண்டிகேட்டர் வேண்டும்.
– வாசகர், குரோம்பேட்டை

கீழ் சுவிட்சின் நடு முனைக்கு ஃபேஸ் வருகிறது, மேல் சுவிட்சின் நடு முனையிலிருந்து பல்புக்குப் போகிறது, இரண்டையும் இரண்டு ஒயர்கள் இணைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். லைட் எரியும்போது எரிய வேண்டுமென்றால் மேல் போர்டில் சுலபம்: நடு முனைக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே தனி இண்டிகேட்டர். கீழ் போர்டில் அந்த 'பல்புக்குப் போகும்' முனையே கிடையாது. மேலிருந்து அதற்கென்று ஒரு கூடுதல் ஒயர் இறக்க வேண்டும், கீழேயும் நியூட்ரல் வேண்டும். குழாயில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் சுவிட்ச் தெரிந்தால் போதும் என்றால் நியூட்ரலே வேண்டாம். இரண்டு போர்டிலும், இணைக்கும் அந்த இரண்டு ஒயர்களுக்குக் குறுக்கே ஒரு நியான் இண்டிகேட்டர். லைட் அணைந்திருக்கும்போது ஒரு ஒயரில் ஃபேஸ் நிற்கும், மற்றது பல்பு வழியாக நியூட்ரலைத் தொட்டிருக்கும், நியான் எரியும். லைட் போட்டதும் ஒரு ஒயர் அந்தரத்தில் நின்றுவிடும், நியான் அணையும். ஆனால் படிக்கட்டில் எல்இடி பல்பு இருந்தால் வேளச்சேரி வாசகரின் பிரச்சினை உங்களுக்கும் வரும், அதுவும் இரண்டு நியான் என்பதால் இரட்டிப்பாக.

சில பழைய வீடுகளில் ஒயர் மிச்சம் பிடிக்க, டூ-வே சுவிட்சின் ஓர முனைகளில் ஒன்றில் ஃபேஸும் மற்றதில் நியூட்ரலும் கொடுத்திருப்பார்கள். அதில் பல்பு அணைந்திருந்தாலும் ஹோல்டரின் இரண்டு முனையிலும் ஃபேஸ் நிற்கலாம். அப்படிப் பார்த்தால் இண்டிகேட்டரை ஒத்திவைத்து, முதலில் ஒயரிங்கை மாற்றுங்கள்.

சம்ப் மோட்டார் சுவிட்ச் தரைத்தளத்தில், நாங்கள் இருப்பது இரண்டாவது மாடியில். மோட்டார் ஓடுவது சமையலறையில் தெரிய ஒரு விளக்கு வைக்க முடியுமா? அபார்ட்மென்ட், மோட்டாருக்குப் பொது மீட்டர்.
– வாசகி, அம்பத்தூர்

முடியும். அசோசியேஷனிடம் சொல்லிவிட்டு, லைசென்ஸ் உள்ளவரை வைத்துச் செய்யுங்கள். இங்கே பேனல் இண்டிகேட்டர் விளக்கு பொருத்தமானது: 230 வோல்ட் எல்இடி, 22.5 மில்லிமீட்டர் துளையில் உட்காரும் வகை. பகல் வெளிச்சத்திலும் தெரியும், நியான் தெரியாது. ஃபேஸை ஸ்டார்ட்டரின் வெளியேறும் முனையிலிருந்து, அதாவது மோட்டாருக்குப் போகும் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். உள்ளே வரும் பக்கத்தில் எடுத்தால் மோட்டார் ஓடாதபோதும் எரிந்துகொண்டிருக்கும். எடுக்கும் இடத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று அவசியம். மோட்டார் லைனுக்கு 16 அல்லது 20 ஆம்பியர் எம்சிபி இருக்கும். மாடிக்கு ஏறும் மெல்லிய ஒயரில் ஷார்ட் ஆனால், அந்த எம்சிபி விழுவதற்குள் ஒயர் வெந்துவிடும்.

நியூட்ரலையும் மோட்டார் பேனலிலிருந்தே கொண்டுவாருங்கள். உங்கள் வீட்டு நியூட்ரலில் சேர்த்தால் இரண்டு மீட்டரின் லைன்கள் கலந்துவிடும். சமையலறையில் இந்த விளக்குக்குத் தனி பாக்ஸ் வைத்து, 'மோட்டார் லைன், வீட்டு மெயின் அணைத்தாலும் இதில் கரன்ட் உண்டு' என்று எழுதி ஒட்டுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டாராக இருந்தால் பேனலில் நியூட்ரல் இல்லாமலும் இருக்கலாம். நியூட்ரலுக்குப் பதில் இன்னொரு ஃபேஸைக் கொடுத்தால் 415 வோல்ட் வந்து விளக்கு அப்போதே போய்விடும்.

விளக்கு எரிகிறது என்றால் மோட்டாருக்குக் கரன்ட் போகிறது என்று அர்த்தம், தண்ணீர் ஏறுகிறது என்று அல்ல. சம்ப் வற்றி மோட்டார் வெறுமனே சுற்றினாலும், மோட்டாருக்குள் இருக்கும் தெர்மல் சுவிட்ச் விழுந்து நின்றுபோனாலும் விளக்கு எரியும்.

இண்டிகேட்டர் எப்போதும் எரிந்தால் இபி பில் ஏறுமா?
– வாசகர், தாம்பரம்

நியான் ஒன்றுக்கு சுமார் 0.2 வாட் என்று வைத்தால், இரண்டு மாத பில்லுக்கு 0.3 யூனிட் அளவுதான் வரும். பத்து இருந்தால் மூன்று யூனிட். அதைவிட, இண்டிகேட்டர் காட்டிக்கொடுத்து நீங்கள் அணைக்கும் ஒரு கீசர் மிச்சப்படுத்துவது பல மடங்கு.

இண்டிகேட்டர் சில மாதமாகப் படபடவென்று துடிக்கிறது. லூஸ் கனெக்‌ஷனா?
– வாசகி, அண்ணா நகர்

பல்பும் சேர்ந்து துடித்தால் லூஸ் கனெக்‌ஷன். உடனே அணைத்துவிட்டுப் பாருங்கள். இண்டிகேட்டர் மட்டும் துடித்தால் நியானின் முதுமை. மின்முனைகளிலிருந்து உதிரும் உலோகம் கண்ணாடியின் உள்பக்கம் கறுப்பாகப் படிகிறது, பற்றிக்கொள்ளத் தேவையான வோல்டேஜும் ஏறிக்கொண்டே போகிறது. சப்ளை கொஞ்சம் தாழும் மாலை நேரத்தில்தான் முதலில் துடிக்கத் தொடங்கும். ஆபத்தில்லை, மாற்றிவிடலாம். பதிலுக்கு வெறும் எல்இடி வாங்கி மாட்ட நினைக்காதீர்கள். எல்இடி தலைகீழ் வோல்டேஜ் ஐந்து வோல்ட் அளவுக்குத்தான் தாங்கும். ரெசிஸ்டரும் டையோடும் சேர்த்து 230 வோல்ட்டுக்கென்றே செய்த இண்டிகேட்டராக இருக்க வேண்டும்.

கீசருக்கு லைட் சுவிட்ச் போலவே சின்ன இண்டிகேட்டர் சுவிட்ச் போட்டோம். இரண்டு மாதத்தில் சுவிட்ச் உருகிவிட்டது.
– வாசகர், வளசரவாக்கம்

சின்ன சுவிட்ச் 6 ஆம்பியருக்கு. 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13. அது உருகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கீசருக்கு இண்டிகேட்டருடன் கூடிய 20 ஆம்பியர் டிபி (டபுள் போல்) சுவிட்ச் போடுங்கள். அது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும், நியூட்ரல் அதற்குள்ளேயே வருவதால் இண்டிகேட்டருக்குத் தனி ஒயரும் வேண்டாம். உள்ளே வரும் இரண்டு ஒயரும் 'சப்ளை' பக்கம், கீசருக்குப் போகும் இரண்டும் 'லோடு' பக்கம். மேலும் கீழும் மாறினால் இண்டிகேட்டர் அணையவே அணையாது. 2,000 வாட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 3,000-க்கு 4. தண்ணீர் சூடானதும் தெர்மோஸ்டாட் வெட்டிவிடும், சுவிட்சின் இண்டிகேட்டர் அப்போதும் எரியும். சூடானது தெரிய கீசரின் உடம்பில் உள்ள விளக்கைத்தான் பார்க்க வேண்டும்.

புது சுவிட்சை மாட்டுவதற்கு முன், வெந்துபோன ஒயர் முனைகளைப் பாருங்கள். செம்பு கறுத்தும் ரப்பர் விறைத்தும் இருக்கும். நல்ல ரப்பரும் பளபளக்கும் செம்பும் தெரியும்வரை வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி மாட்டுங்கள். வெட்டிய பிறகு ஒயர் எட்டவில்லை என்றால் டேப் சுற்றி ஒட்டுப் போடாமல், எம்சிபிகள் இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸிலிருந்து புது ஒயர் இழுக்கச் சொல்லுங்கள்.